பதினான்கு வெட்டு

பழைய துப்பாக்கி என்றதும் எல்லாருக்கும் வீரம் ஞாபகம் வரும். கண்ணாடியம்மாவுக்கு நாற்றம்தான் ஞாபகம் வரும். ஊசிப்போன எண்ணெய், எலி மூத்திரம், யாரோ ஒருவனின் கன்னத்து வியர்வை ஊறிக் கறுத்த மரம். ஒருமுறை குழாயைத் துடைக்கக் கம்பியை விட்டபோது, காய்ந்துபோன பல்லி ஒன்று முழுசாக வந்து மேசையில் விழுந்தது. துப்பாக்கியைக் கொண்டுவந்த பெரிய மனிதர் அப்போதுதான், "இதுல எங்க கொள்ளுத்தாத்தா புலி சுட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பல்லியும் அவர் சுட்டதுதானா?" என்று கேட்டாள் கண்ணாடியம்மா.

அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. பழம்பொருள்களை ஏலம் விடும் கடை ஒன்றின் பின்பக்கத்தில், கழிவறைக்கும் சரக்குக் கூடத்துக்கும் நடுவே அவளுடைய அறை. ஒரு குழல் விளக்கு, ரப்பர் விரிப்பு போட்ட மேசை, பல் தேய்க்கும் பிரஷ் நான்கு, கிண்ணத்தில் மண்ணெண்ணெய். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சம்பளக் காகிதத்தில் பார்க்கும்போது அவளுக்கே யாரோ போல இருக்கும்.

அதற்கு முன்னால் இருபத்து மூன்று வருஷம், துப்பாக்கி உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் குமாஸ்தா. கொண்டுவரும் துப்பாக்கியையும் காகிதத்தில் இருக்கும் எண்ணையும் ஒத்துப் பார்ப்பதுதான் வேலை. பார்த்துப் பார்த்து, அந்த இரும்பில் குத்தியிருக்கும் பொடி எழுத்துகள் அவளோடு பேச ஆரம்பித்துவிட்டன. ஒரு ராணுவத் துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ், வேலைச் சான்றிதழ், ஓய்வுச் சான்றிதழ் எல்லாம் அதன் உடம்பிலேயே இருக்கும். மரக்கட்டை இரும்போடு சேருகிற கழுத்துப் பட்டையில் கிரீடமும் செய்த வருஷமும். கிரீடத்துக்குக் கீழே அரசரின் எழுத்து. அரசர் மாறினால் எழுத்தும் மாறும். பழுது பார்த்தால் கிடங்கின் வட்ட முத்திரையும் அந்த வருஷமும். கடைசியில், இனி ராணுவத்துக்கு இது வேண்டாம் என்று வெளியே விற்கும்போது, இரண்டு அம்புகள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்பதுபோல ஒரு குறி.

இரும்பு பொய் சொல்லாது. ஆனால் இரும்பைத் தூக்கிக்கொண்டு வருகிற மனிதர்கள் இருக்கிறார்களே. வருஷத்தை அரத்தால் ராவி எடுத்துவிட்டு வேறு வருஷம் குத்தியவர்களை அவள் பார்த்திருக்கிறாள். பூச்சுக்கு மேலே குத்திய எழுத்தின் ஓரம் பளபளவென்று நிற்கும். கண்ணாடிக்குக் கீழே அது தோலில் கிளம்பிய கொப்புளம் மாதிரி தெரியும். பெற்ற அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கும்போதே, அவள் கட்டிலுக்கு அடியில் இருந்த துப்பாக்கியை உருவிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று இருப்பவர்கள். அப்படிப்பட்டவர்கள் போன பிறகு மேசையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. கதையைக் கேட்பதற்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்துவிட வேண்டும். கதை காதில் விழுந்துவிட்டால், கண் அந்தக் கதைக்குச் சாட்சி தேட ஆரம்பித்துவிடும். கடையில் எல்லாருக்கும் இது தெரியும். துப்பாக்கி வந்தால் பேசாமல் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவள் இரண்டு நாள் எடுத்துக்கொள்வாள்.

அந்தக் கட்டுப்பாடு ஒரே ஒரு முறை உடைந்தது. அந்த ஒரு முறை ஒரு கிழவியின் வாழ்க்கையையே நாறடித்துவிட்டது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஏலக்கடை முதலாளியே துப்பாக்கியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பின்னால் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர். அண்ணன் வீட்டுத் தரகர். இஸ்திரி கலையாத சட்டை. தம்பி மரச்சாமான் பட்டறையில் வேலை செய்பவன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, இது சாதாரண சரக்கு இல்ல. ஆலை வாசல் துப்பாக்கி" என்றார் முதலாளி.

கண்ணாடியம்மாவின் கை அப்படியே நின்றது.

ஆலை வாசல் என்றால் அந்த ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், அறுபத்தெட்டில், நூல் ஆலையில் வேலை நிறுத்தம். ஆலைக்காரர்கள் எங்கிருந்தோ கூலிக்குத் துப்பாக்கி ஆள்களைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். ஒரு காலை நேரம், பத்து நிமிஷம்தான். பதினான்கு பேர் செத்தார்கள். சுட்டவர்கள் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. விசாரணை நடந்தது, முடிந்தது, கோப்பைக் கட்டி வைத்தார்கள்.

அந்தப் பதினான்கில் ஒருத்தி கண்ணாடியம்மாவின் அக்கா. வயது பதினெட்டு. பஞ்சுக் கழிவு ஏற்றுகிற தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அக்காவின் தலைமுடியெல்லாம் பஞ்சு. பதினோரு வயதுத் தங்கை ஒவ்வொரு பிசிறாக எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த விஷயம் ஏலக்கடையில் ஒருவருக்கும் தெரியாது.

"அப்பா சாகறதுக்கு முன்னாடி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார் மேடம்" என்றான் தரகர் அண்ணன். "அந்தக் கூலி ஆளுங்கள்ல அவரும் ஒருத்தர். அப்புறம் பேங்க்ல காவலாளியாப் போயிட்டார். நாப்பது வருஷம் மனசுலயே வெச்சிருந்திருக்கார்."

"எத்தனை பேரைச் சுட்டேன்னு சொன்னார்?"

"பின்கட்டையைப் பாருங்க."

தோளில் வைக்கும் மரக்கட்டையில் வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டுகள். அவள் எண்ணினாள். பதினான்கு.

"உங்களுக்கு இதுல வருத்தம் இல்லையா?"

"வருத்தம்தான் மேடம். ஆனா இது சரித்திரம் இல்லையா?" 'ரெண்டு பக்கமும் ரோடு, தண்ணி வசதி' என்று மனை காட்டுகிற அதே குரலில் சரித்திரம் என்றான்.

"அப்பா படம் இருக்கா?"

கைபேசியை நீட்டினான். காவலாளி உடுப்பில் ஒரு மனிதர். பெரிய காதுகள். கழுத்து வரை போட்ட பொத்தான்.

அன்றைக்கு அவள் துப்பாக்கியைப் பார்த்ததைவிட அந்தப் படத்தைத்தான் அதிகம் பார்த்தாள். நாற்பத்து மூன்று வருஷமாக முகமில்லாத ஒருவனை வெறுத்துக்கொண்டிருந்தவள் அவள். கனவில்கூட வாசலில் நிற்பவனுக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இருக்காது. இப்போது ஒரு முகம் கிடைத்துவிட்டது. எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம்? வயிற்றுக்குள் சூடாக ஒன்று பரவியது. அதற்குப் பெயர் சந்தோஷம். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் கூசும்.

பிரஷை எடுக்கவில்லை. மண்ணெண்ணெய் தொடவில்லை. ஆணி ஒன்றைக்கூடக் கழற்றவில்லை. கழுத்துப் பட்டையில் பதினேழு என்ற வருஷம். அதற்குப் பொருந்துகிற கிரீடம், எழுத்து. பூட்டிலும் குழாயிலும் ஒரே எண். பத்து நிமிஷத்தில் சீட்டு எழுதிவிட்டாள்: 'பதினேழாம் வருஷம் செய்தது. அறுபத்தெட்டில் பயன்பாட்டில் இருந்திருக்கக்கூடியது. பின்கட்டையில் பதினான்கு வெட்டுகள் உள்ளன.' கீழே கையெழுத்து.

வெள்ளிக்கிழமை பத்திரிகையில் விளம்பரம் வந்தது. வெட்டுகளின் படம், காவலாளியின் படம், 'நிபுணர் ஆய்வு செய்தது' என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். சாப்பிடும்போது எடுத்துப் பார்ப்பாள். 'புழுத்துச் சாகாம கட்டில்ல செத்தியாடா' என்று அந்தப் பெரிய காதுகளிடம் கேட்பாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அறை வாசலில் ஒரு கிழவி வந்து நின்றாள். செருப்பு இரண்டும் வேறு வேறு.

"எழுதிக் குடுத்த பொம்பள நீதானா?"

"நீங்க யாரு?"

"பேப்பர்ல போட்டீங்களே, அவரோட பொண்டாட்டி."

கண்ணாடியம்மா எழுந்திருக்கவில்லை. "உக்காருங்க" என்று மட்டும் சொன்னாள்.

"உக்கார வரல. எங்க தெருவுல நாலு வீட்ல ஆலை வாசல்ல செத்தவங்க இருக்காங்க. போன வாரம் வரைக்கும் என்னை அக்கா, பெரியம்மான்னு கூப்பிட்டவங்கதான். சனிக்கிழமை விடிஞ்சு கதவைத் திறந்தா, படி முழுக்க மீன் குடல். அழுகினது. ஈ மொய்க்குது. நான்தான் வாரினேன். எம்மருமக மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. குழாயடியில நான் குடத்தை வெச்சா, பக்கத்துல இருக்கிற குடமெல்லாம் நகருது."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"ஒன்னும் பண்ண வேண்டாம். சொல்லு போதும். செஞ்சிருந்தா செஞ்சார்னு சொல்லு. கேட்டுக்கறேன்." கிழவி கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நாப்பத்தாறு வருஷம் அந்த மனுஷனோட குடித்தனம் பண்ணியிருக்கேன். கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். அந்த வாரம் ஐஸ் ஃபேக்டரியில டியூட்டின்னு சொல்லிட்டுப் போனார். துப்பாக்கி வீட்டுக்கு வந்ததே அப்புறம், எழுபத்தஞ்சுல, பேங்க்ல சேரும்போது. இல்லம்மா, அதுக்கு முன்னாடியே ஒளிச்சு வெச்சிருந்தார்ங்கறான் பெரியவன். எதை நம்பறது? அவர் படத்தைச் சுவத்துல இருந்து எடுத்துட்டேன். தூக்கிப் போடவும் மனசு வரல, திரும்ப மாட்டவும் மனசு வரல."

கண்ணாடியம்மா மேசை இழுப்பறையை இறுக்கி மூடினாள்.

"இன்னொன்னு கேக்கறேன். படிச்சவ, நீ சொல்லு. பத்து இருபது பேர் துப்பாக்கியோட நின்னாங்களாம். எங்க வீட்டுக்காரர் ஒருத்தரே பதினாலு பேரையும் சுட்டாரா? மத்தவங்கள்லாம் வேடிக்கை பாத்தாங்களா?"

 குழாயடியில் குடம் வைக்கிற ஒரு கிழவிக்குத் தோன்றியது, இருபத்து மூன்று வருஷமும் அதற்கு மேலும் குறி பார்த்தவளுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் கொடுமை.

"நாளைக்குக் காலையில வாங்க பெரியம்மா. நான் இன்னொரு தரம் பாக்கறேன்."

கிழவி போனதும் கதவைச் சாத்திக்கொண்டாள். துப்பாக்கியை ரப்பர் விரிப்பில் கிடத்தினாள். ஒரு குறியைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று, கழுத்துப் பட்டை வருஷத்தின் மேல் காகித நாடா ஒட்டி மறைத்தாள். எப்போதும் செய்வதுதான், போன வாரம் செய்யாததுதான். குழாயின் வேரில், மரம் தொடுகிற இடத்தில், தார் மாதிரி கறுப்பாக அழுக்கு அப்பியிருந்தது. போன வாரமும் அது அங்கேதான் இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, மூங்கில் குச்சியால் சுரண்டிச் சுரண்டித் துடைத்தாள். கறுப்பு வழிந்து துணியெல்லாம் பிசுபிசுத்தது. அடியில் இருந்து மெதுவாக இரண்டு அம்புகள் எழுந்து வந்தன. மூக்கோடு மூக்கு. பக்கத்தில் எழுபத்து நாலு.

எழுபத்து நாலில்தான் ராணுவம் இதை வெளியே விட்டிருக்கிறது. அறுபத்தெட்டில் இது ஏதோ ஒரு ராணுவக் கிடங்கில் சங்கிலி போட்டு அடுக்கில் நின்றிருக்கிறது.

பின்கட்டையின் அடியில் இருக்கும் பித்தளைத் தகட்டின் இரண்டு திருகாணிகளையும் கழற்றினாள். தகட்டுக்கு அடியில், மரத்தின் குறுக்கு முகத்தில், ஈரம் படாமல் பத்திரமாக இருந்தது கிடங்கின் வட்ட முத்திரை. உள்ளே எழுபத்தொன்று. பழைய கட்டையை எடுத்துவிட்டு அந்த வருஷம் புதுக் கட்டை போட்டிருக்கிறார்கள். அறுபத்தெட்டில் செத்தவர்களுக்கு, எழுபத்தொன்றில் வந்த மரத்தில் வெட்டு.

ஓர் ஊசியை எடுத்து முதல் வெட்டுக்குள் கிளறினாள். சிவப்பாக ஏதோ மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. மோந்து பார்த்தாள். புது அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. பாலிஷ். அதற்கு அடியில் மரம், நேற்று அறுத்ததுபோல, வெளுப்பாக இருந்தது.

எந்தக் கை, எப்படி உட்கார்ந்து இதை வெட்டியிருக்கும்? ஒன்று, இரண்டு என்று எண்ணி எண்ணி. எட்டாவது வெட்டா அக்கா? ஒன்பதாவதா?

பக்கத்துக் கழிவறைக்கு ஓடினாள். காலையில் குடித்த டீ வரை வெளியே வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு இன்னொன்றும் புரிந்தது. அந்த அம்புகளைப் பார்த்த நொடியில், அவள் மனசில் முதலில் எழுந்தது கோபம் இல்லை. அந்த மனிதர் நிரபராதி என்ற நிம்மதியும் இல்லை. ஏமாற்றம். கையில் கிடைத்த முகத்தை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல. ஒரு பாவமும் அறியாத மனிதன் கொலைகாரனாக இல்லையே என்ற ஏமாற்றம். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, புதுச் சீட்டு எழுத உட்கார்ந்தாள். 

மறுநாள் காலையில், மற்றவர்கள் வருவதற்கு முன்னால் முதலாளி வந்து கதவைச் சாத்தினார். திருத்திய சீட்டை அவர் படித்திருந்தார்.

"அம்மா, நான் உங்களைப் பொய் எழுதச் சொல்லல. பதினேழுல செஞ்சது, அது உண்மை. பதினாலு வெட்டு இருக்கு, அதுவும் உண்மை. போன வாரச் சீட்டே போதும்னுதான் சொல்றேன். புதுசா ஒன்னும் சேர்க்க வேண்டாம்."

"பொணத்துக்குப் பவுடர் போடறவன்கூட, உசுரோட இருக்குன்னு எழுதிக் குடுக்கறதில்ல சார்."

"வாங்கறவர் அந்த வெட்டுக்காகத்தானம்மா வாங்கறார்."

"வெட்டு வேணும்னா கசாப்புக் கடைக்குப் போகச் சொல்லுங்க."

முதலாளி மூக்குத் தண்டைத் தேய்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை; கெட்டது தன் கடை வழியாகப் போனால் கண்ணை மூடிக்கொள்கிறவர். அந்த வகைதான் உலகத்தில் அதிகம். "கையெழுத்துப் போட்டது நீங்க. இப்ப மாத்தி எழுதினா உங்க பேரு என்னாகும்னு யோசிச்சீங்களா? இனிமே உங்க சீட்டை யார் மதிப்பாங்க?"

"நாறும். நாறட்டும் சார். அஞ்சு நாளா அந்தம்மா வாசல் நாறுதே."

முதலாளி வரச் சொல்லியிருந்த பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தார்கள். பின்னாலேயே கிழவியும் வந்தாள். உரிமம் புருஷனுக்குப் பிறகு அவள் பெயருக்கு மாறியிருந்தது. அவள் கைநாட்டு இல்லாமல் துப்பாக்கியை விற்க முடியாது. கண்ணாடியம்மா அம்புகளைக் காட்டினாள். தகட்டைக் கழற்றி வட்ட முத்திரையைக் காட்டினாள். ஊசியால் பாலிஷைக் கிளறிக் காட்டினாள்.

தரகர் அண்ணன் அசரவில்லை. "கட்டையை மாத்தியிருப்பாங்க மேடம். அப்பா பழைய கட்டையில இருந்த வெட்டை அப்படியே பாத்து, புதுக் கட்டையில மறுபடி வெட்டியிருப்பார்."

"பாத்து நகல் எடுத்தாரா? எழுபத்து நாலு வரைக்கும் துப்பாக்கி ராணுவத்துல இருக்கு. உங்க அப்பா உள்ள போய் வெட்டிட்டு வந்தாரா?"

"நடந்திருக்கலாம் இல்லையா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனையாவது மன்னிக்கலாம். இவன் சோறே இல்லாமல் மறைக்கிறான்.

கிழவி இளையவனைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. சும்மா பார்த்தாள். அவனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"நான்தாம்மா வெட்டினேன்."

"எதுல?"

"பட்டறை உளியில."

"உன் அப்பா அந்தக் கட்டையை எண்ணெய் போட்டுத் துடைப்பாரே. பாத்ததில்லையாடா நீ?"

"அண்ணன்தான் சொன்னான். முதல்ல பதினஞ்சு வெட்டச் சொன்னான். அப்புறம் பேப்பரை எடுத்துப் பாத்துட்டு, இல்ல, பதினாலுதான் செத்தாங்கன்னு சொன்னான். அப்பா ஒன்னும் சொல்லலம்மா. சாகும்போது தண்ணி கேட்டார், அவ்வளவுதான்."

முதலாளி நாற்காலியில் இருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

"செத்தவருக்கு வலிக்கவாம்மா போகுது?" என்றான் மூத்தவன். குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "உசுரோட இருந்தப்ப அவருக்கு என்ன பேரு? வாட்ச்மேன். யாருக்குத் தெரியும் அவரை? இப்பதான் பேப்பர்ல வந்திருக்கார். நமக்கும் ஒரு வழி பொறக்கும்."

 கிழவி தன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துக்கத்தில் இல்லை, நாற்றம் அடிக்கும்போது பொத்துவார்களே, அப்படி.  பிறகு மேசைப் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"கைநாட்டு எங்க வைக்கணும்?"

மூத்தவன் அவசரமாக விற்பனைக் காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"அதுல இல்லடா. இதை உருக்கிப் போடறதுக்கு எங்க வைக்கணும்னு கேட்டேன்."

அரசாங்கத்திடம் ஒப்படைத்து அழிக்கச் சொல்லும் படிவம் ஒன்று இருக்கிறது. கண்ணாடியம்மா இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ நிரப்பியிருக்கிறாள். அதை எடுத்து நிரப்பினாள். கிழவி மைப் பெட்டியில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். மூத்தவன் ஏதோ கத்திக்கொண்டே வெளியே போனான். இளையவன் போகவில்லை, அம்மா தன்னைப் பார்ப்பாள் என்று நின்றான். அவள் பார்க்கவில்லை.

"இன்னொரு வேலை இருக்கு" என்றாள் கண்ணாடியம்மாவிடம். "எங்க தெருவுக்கு வந்து இதைச் சொல்லணும். பேப்பர்ல திருத்தம் போடறேம்பாங்க, பொடி எழுத்துல, மூலையில. தெருவுல சொன்னாத்தான் தெருவுக்குக் கேக்கும்."

அன்று மாலை, தண்ணீர் வரும் நேரத்துக்கு, இரண்டு பேரும் அந்தத் தெருவுக்குப் போனார்கள். ஒட்டிக்கொண்டு நிற்கும் ஓட்டு வீடுகள். கிழவி வீட்டுப் படியில் மீன் நாற்றம் இன்னும் போகவில்லை. கண்ணாடியம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அம்புகளையும் எழுபத்தொன்றையும் எழுபத்து நாலையும் விளக்கினாள். அவளுக்கே தன் குரல் பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது.

"போன வாரம் ஆமான்னு எழுதினீங்க" என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி. "இந்த வாரம் இல்லைங்கறீங்க. அடுத்த வாரம் வந்து என்ன சொல்லுவீங்க?"

"பேரம் படிஞ்சிருக்காது" என்றாள் இன்னொருத்தி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஆலையில் சாயப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், கையில் இருந்த குச்சியால் தரையைத் தட்டினார். "அம்பு கிம்புன்னு எங்களுக்கு என்னம்மா தெரியும்? என் தம்பி செத்தது தெரியும். கிழவி ஏதாவது குடுத்திருக்கும், நீ மாத்திச் சொல்ற."

இரும்பில் குத்தியிருப்பதை நம்ப மாட்டார்கள். பிறகு எதைத்தான் நம்புவார்கள் என்று கண்ணாடியம்மாவுக்குத் தெரியும். அதைச் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதற்குக் காரணம் அவளைப் பெற்ற அப்பா. அக்கா செத்த மறு மாதத்தில் இருந்து, அவர் சாராயக் கடையில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்வார். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுப்பார்கள். கிளாஸ் காலியானால் மறுபடியும் முதலில் இருந்து சொல்வார். பஞ்சு படிந்த தலைமுடி வரும்போது குரல் தழுதழுக்கும், ஒவ்வொரு தடவையும் சரியாக அதே இடத்தில். அவரைக் கூப்பிடப் போகிற சின்னப் பெண் கடை வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டிருக்கிறாள். அக்காவை வைத்து இனி ஒருவரிடமும் ஒன்றும் வாங்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தவள்.

பக்கத்தில் கிழவி நின்றாள். ஒரு கால் மாற்றி ஒரு கால் ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா அங்க செத்தா" என்றாள் கண்ணாடியம்மா. "நூல் சுத்தற பிரிவு. பதினெட்டு வயசு."

 சிரித்தவர்களில் ஒருத்தி குடத்தைக் கீழே வைத்தாள். பெரியவர் குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "யாரு, நெத்தியில தழும்பு இருக்குமே, அந்தப் பொண்ணா?" என்றார். அவள் தலையாட்டினாள். யாரோ உள்ளே ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். "உக்காருங்கம்மா, உக்காருங்க." ஒரு நிமிஷத்துக்கு முன்னால் காறித் துப்பாத குறையாக நின்ற அதே முகங்கள். இப்போது எல்லாம் கனிந்துவிட்டன. ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுக்கிற முகங்கள். 

ஆனால் ஆரம்பித்தாகிவிட்டது. பாதியில் நிறுத்தினால் அது இன்னும் அசிங்கம்.

"அதனாலதான் நான் தப்பா எழுதினேன்" என்றாள். "சரியாப் பாக்கல. பாக்க ரெண்டு நாள் ஆகும், பத்து நிமிஷத்துல எழுதினேன். இந்தம்மா வீட்டுக்காரராத்தான் இருக்கணும்னு ஆசைப்பட்டேன். ஒரு வாரம் அந்த மனுஷரைச் சபிச்சேன். அந்தக் கொலையில அவர் கை படல. அந்தத் துப்பாக்கி அங்க வரவே இல்ல. வெட்டினது அவர் பெத்த பிள்ளைங்க. மீன் குடலைக் கொட்டணும்னா என் வாசல்ல வந்து கொட்டுங்க."

 பெரியவர் முதலில் தலையைக் குனிந்தார். பெண்களில் ஒருத்தி கிழவியின் வீட்டுப் படியைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொட்டியது யார் என்று கண்ணாடியம்மாவுக்கு அப்போது தெரிந்துவிட்டது.

"பெரியம்மா, என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல."

கிழவி கையை நீட்டித் தடுத்தாள்.

"கேக்காதே. நீயாவது பத்து நிமிஷம் இரும்பைப் பாத்து ஏமாந்தே. நான் நாப்பத்தாறு வருஷம் அந்த மனுஷனையே பாத்திருக்கேன். பெரியவன் வந்து சொன்னதும், இருக்கும்னு தோணுச்சே எனக்கு. அதுக்கு நான் யாருகிட்டப் போய் மன்னிப்புக் கேக்கறது?"

"உக்காருங்கம்மா" என்று நாற்காலியைக் கொண்டுவந்தவள் மறுபடியும் கண்ணாடியம்மாவிடம் சொன்னாள்.

அவள் அசையவில்லை. அக்காவின் பெயரில் வந்த நாற்காலி அது. அதில் உட்காருவதற்குப் பதில் நடுத்தெருவில் விடியும்வரை நின்றுவிடலாம்.

"நீ உக்காரலையா?" என்றாள் கிழவி. "அப்ப நான் உக்காரறேன். காலு செத்துப்போச்சு."

நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு, நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க உட்கார்ந்தாள். குழாயில் காற்று சீறிவிட்டுத் தண்ணீர் வந்தது. ஒருத்தரும் குடத்தை எடுக்கவில்லை. அவள் ஏதாவது சொல்லட்டும் என்று நின்றார்கள். அவளோ காலை நீட்டி, வேறு வேறாக இருந்த செருப்புகளைக் கழற்றிவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.